கால் படாத பூட்ஸ்

பதுளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை நடத்துபவனும், காலஞ்சென்ற இப்றாஹீம் என்பவரின் மகனும், நாற்பத்தெட்டு வயதினனுமாகிய தாஸிம் என்னும் நான், 1927ஆம் வருடம் ஜூன் மாதம் பதினான்காம் திகதி பதுளைப் பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்னிலையில் கூறுவதாவது:

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள கல்லுமலைத் தோட்டத்துத் துரை என்மீது இரண்டு குற்றம் சொல்லியிருப்பதாக வாசித்துக் காட்டப்பட்டது. பழுதான புல் வெட்டும் மோட்டார் மெஷினை விற்று அவருடைய வேலையாளின் காலைக் கெடுத்தேன் என்பது ஒன்று. பங்களாவிலிருந்து ஒரு சோடி பூட்ஸைத் திருடினேன் என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

நான் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகத் தகரச் சாமான் சுமந்து விற்று மேலே வந்தவன். லாபம் வைத்துத்தான் விற்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் பழுதான சாமானை நல்லது என்று சொல்லி யார் தலையிலும் கட்டியதில்லை.

சென்ற வருடம் மேற்படி துரை, பங்களா வாசல் புல்லை வெட்டுவதற்கு மோட்டாரில் ஓடும் மெஷின் வேண்டுமென்று என்னிடம் கேட்டார். கொழும்பிலிருந்து ரயிலில் தருவித்து, நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பூந்தோட்ட வேலை பார்க்கும் சின்னராசா என்பவருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். முதலில் புல்லில் கிடக்கும் கல், எலும்பு, கம்பி எல்லாம் பொறுக்கிவிட வேண்டும், பிள்ளைகளும் நாய்களும் கிட்டத்தில் நிற்கக் கூடாது, மெஷின் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றக் கூடாது, கத்தி உருளையில் புல் சிக்கினால் எஞ்சினை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது, ஈரப் புல்லை வெட்டவே கூடாது, சரிவில் மேலும் கீழுமாக ஓட்டாமல் குறுக்கே ஓட்ட வேண்டும், வெறுங்காலுடன் மெஷினைத் தொடவே கூடாது என்று சொன்னேன். சின்னராசா ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார். அதன் பிறகு அவருடைய பாதத்தைக் கடதாசியில் வரைந்தெடுத்து, பதுளையில் தோல் பூட்ஸ் தைப்பித்து, மெஷினோடு சேர்த்துக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து செருப்புப் போடாத கால் ஆகையால் விரல் பக்கம் மிக அகலம், அந்த அளவில் கடையில் விற்பது எதுவும் பொருந்தவில்லை. பூட்ஸ் போடாமல் ஓட்டுவதானால் மெஷினைத் திரும்ப எடுத்துப் போகிறேன் என்று துரையின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்.

சென்ற மாதம் கடைசிச் சனிக்கிழமை காலையில், மெஷினின் சங்கிலியைப் பார்த்துக் கொடுக்க அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பனி ஈரம் காயவில்லை. சின்னராசா சரிவில் மேலும் கீழுமாக மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கை காட்டியதும் எஞ்சினை நிறுத்தினார்.

"சின்னராசா, காலுல என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மொதலாளி."

"அதத்தான் நானும் கேக்கிறேன். பூட்ஸ் எங்க?"

"மேல பங்களாவுல அப்பு பத்திரமா வச்சிருக்காருங்க. பங்களா வாசல்ல அதப் போட்டுக்கிட்டு நடந்தா நல்லாவாங்க இருக்கும்? பெரிய கங்காணியே கழட்டிப்புட்டுத்தானே வர்றாரு" என்றார்.

ஈரத்தில் ஏன் வெட்டுகிறாய் என்று கேட்டதற்கு, மத்தியானம் பக்கத்துத் தோட்டத் துரைமார் விருந்துக்கு வருகிறார்கள் என்றும், மெஷின் போன தடத்தில் புல்லில் விழும் கோடுகள் விறாந்தையிலிருந்து நேராக இறங்க வேண்டுமென்பது துரையின் உத்தரவு என்றும் சொன்னார். நான் வந்து சொல்லும்வரை மெஷினைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

பூட்ஸ் விறாந்தையில், மெஷின் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், முகம் தெரியும் அளவுக்குப் பொலிஷ் போட்டு, வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. பங்களா வேலையாட்களுக்குப் பொறுப்பான அப்பு மரியதாஸ் அங்கே நின்றார். பூட்ஸைக் கீழே அனுப்பும்படி கேட்டேன்.

"மெஷின் வித்ததோட ஒங்க வேல முடிஞ்சிச்சு நானா" என்று, முஸ்லிம் வியாபாரிகளை அண்ணன் என்று கூப்பிடும் முறையில் சொன்னார். "இன்னிக்கு இவன் வாசல்ல பூட்ஸ் போட்டா, நாளைக்கு எல்லாவனும் தொப்பி போட்டுக்கிட்டு வந்து நிப்பான்."

"பூட்ஸ் இங்க நிக்கிது, கால் அங்க நிக்கிது. ரெண்டையும் ஒரு இடத்துல சேக்கிறதுக்குத்தான் நான் இதத் தைச்சுக் கொண்டுவந்தது" என்றேன்.

அவர் விறாந்தையில் நின்றபடியே, கோடு பாதியில் நிற்கிறது, ஓட்டு என்று சின்னராசாவுக்குச் சத்தம் போட்டார். சின்னராசா என்னை ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு எஞ்சினைக் கிளப்பினார்.

நான் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். பாதி வழியில், மேட்டில் ஏறிக்கொண்டிருந்த மெஷினின் பின்னால் அவருடைய கால் ஈரத்தில் வழுக்கி, அவர் விழுந்து, மெஷின் அவர்மேல் சரிந்து, வலது கால் பக்கவாட்டில் கத்தி உருளைக்குள் போனதைக் கண்டேன். ஓடிப்போய், உருளையை எஞ்சினோடு இணைக்கும் பிடியை விலக்கினேன். உருளை அந்த நொடியே நின்றது. பிடி இறுகிக் கிடந்தது, அதுதான் பழுது என்று சொல்கிறவர்கள் அதைத் தொட்டவர்கள் அல்லர், தொட்டவன் நான். சால்வையால் காலைச் சுற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் வண்டியில் ஏற்றினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி ரெங்கம்மா கூடையை முதுகிலிருந்து இறக்காமலே ஓடி வந்து வண்டியில் ஏறினார். வழி முழுதும் சின்னராசா, "வண்டியில ரத்தம் படுதுங்க மொதலாளி" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போய்விட்டன.

அதன் பிறகு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என் கடைக்கு வந்தார். "நீங்க சொல்லிக் குடுத்தீங்க, அவன் கேக்கல. பொய்யில்லையே நானா. அத மட்டும் சொல்லிட்டா துரை ஒங்க மேல உள்ள பிராது எல்லாத்தையும் விட்டுடுவாரு" என்றார். அப்படியானால் சின்னராசா என்ன ஆவார் என்று கேட்டேன். தன் கவனக்குறைவால் வந்தது என்று வேலைப் பதிவில் பேர் வெட்டி, மாத முடிவில் குடியிருக்கும் லயக் காம்பிராவைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றார். அந்த மனிதனுக்கு மூன்று விரல் போனது போதாது, கூரையும் போக வேண்டும், அதற்கு என் வாய் வேண்டும். கல்லாவில் வேலை இருக்கிறது, எழுந்து போங்கள் என்று சொன்னேன்.

ஆகவே கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன். மெஷினில் பழுது இல்லை. அதை இந்த நிலையத்து முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், உங்கள் கண்முன்னே ஓட்டி நிறுத்திக் காட்டுகிறேன். சின்னராசாவும் நான் சொன்னதை மறக்கவில்லை. மறந்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். ஈரத்தில் ஓட்டச் சொன்னதும், சரிவில் ஓட்டச் சொன்னதும், வாசலில் கூலிக்காரன் காலில் பூட்ஸ் இருக்கக் கூடாது என்று விதி வைத்ததும் பங்களா. துரைமார் அதே புல்லில் பூட்ஸோடுதான் நடக்கிறார்கள், புல் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

பூட்ஸை நான் எடுத்தது உண்மை. அது அன்றைக்கு அந்த அவசரத்தில் சின்னராசாவோடு சேர்ந்து என் வண்டிக்கு வந்துவிட்டது. திருட்டு என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளட்டும். இதோ அதைச் சான்றாக ஒப்படைக்கிறேன். அடியைத் திருப்பிப் பாருங்கள், ஆணித் தலைகள் தைத்த அன்றுபோல மினுங்குகின்றன, ஒரு புல்லின் கறைகூட இல்லை. துரைக்கே சொந்தம் என்றால் துரை காலில் போட்டுப் பார்க்கட்டும். கல்லுமலையில் இந்த அளவுக் கால் ஒருவருக்குத்தான் இருந்தது. இடது பூட்ஸ் சின்னராசாவுக்கு இன்னும் பொருந்தும்.

இவ்வளவும் நான் கண்டும் கேட்டும் செய்தும் அறிந்தவை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னதில் கூட்டலோ குறைத்தலோ இல்லை, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. தாஸிம்