மணலிக் காத்து

எனக்கு டீயில சக்கரை வேணாம் இன்ஸ்பெக்டர் சார். கிளாஸை மட்டும் வெந்நீர்ல ஒருதரம் அலம்பித் தரச் சொல்லுங்க. நான் கொஞ்சம் சுத்தம் பாக்கிற ஆளு.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார் நான். சிவந்தி எங்கிட்ட ஆராய்ச்சி பண்ண பொண்ணு. எண்ணூர் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. எங்க வேலை கார்பன் நாடா. ஒரே ஒரு அணு தடிமன்தான். ஓரம் ஜிக்ஜாக்கா அமைஞ்சா, எலக்ட்ரான் நடுவுல நிக்காம ஓரத்துல வந்து ஒதுங்கிடும். அந்த ஓரத்துல நைட்ரஜனை ஏத்துறதுக்கு நாடாவை அம்மோனியாவுல வச்சு சூடாக்குவோம். அவ கைபட்ட நாடாதான் சரியா வந்துது, அதை நான் மறுக்கல. ஆனா பக்கத்துல வந்தாலே கருவாட்டு வாடை. எனக்குக் குமட்டும். அவ தொட்ட பேனாவைக் கூடத் தொடைச்சுட்டுத்தான் எடுப்பேன்.

போன மாசம் கருத்தரங்கு. எல்லாருக்கும் நன்றி சொல்றப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னா: "எங்க சாரும் நம்ம பக்கந்தான். அவங்கம்மா காசிமேட்டுல கூடை வச்சிகினு மீன் வித்தவங்க. எங்கம்மாவுக்கு தோஸ்து."

பொறந்து வளந்தது அண்ணாநகர்னு சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டினவன் சார் நான். அவ பாசமாத்தான் சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கலீஜ். வீட்டுக்குப் போய்த் தோல் எரியிற அளவுக்குத் தேய்ச்சுக் குளிச்சேன்.

வியாழக்கிழமை லேப்ல அம்மோனியா சிலிண்டர்ல கசிவு. காலையிலேயே எனக்குத் தெரியும். மணலி உரக் கம்பெனி வாடையில வளந்தவங்க இதுக்கெல்லாம் பயப்பட மாட்டாங்க. மூக்கைத் தொடைச்சுக்கிட்டு வேலையைப் பாப்பாங்க. அவளும் கண்ணைக் கசக்கிக்கிட்டே கேட்டா: "இன்னா சார், இம்மா நாத்தமா கீது?"

"மணலிக் காத்தும்மா," அப்படின்னேன்.

சரி சார்னு உலைப் பக்கம் குனிஞ்சா. நான் வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

கசிவு பெருசாயிடுச்சு போல. கொஞ்ச நேரத்துல கதவைத் தட்டினா. சார், சார்னு கூப்பிட்டா. திறந்துடலாம்னுதான் நின்னுக்கிட்டிருந்தேன், கைகூடத் தாழ்ப்பாள் மேலதான் இருந்துது. அப்பத்தான், குப்பத்துல சொந்தக்காரனைக் கூப்பிடுற மாதிரி, அண்ணான்னு கூப்பிட்டா.

கையை எடுத்துட்டேன். தட்டுறது நிக்கிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்.

அவளைக் கொல்லணும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல சார். அந்த வாடை வராண்டாவுக்கு வந்துடக் கூடாதுன்னு பாத்தேன், அவ்வளவுதான்.