வாரத்துக்கு எட்டு நாள்

தாகேதா பாலத்தில் பஸ் நகரவே இல்லை. என் முன் சீட்டில் இரண்டு தமிழர்கள். பர்மாக்காரர் கூட்டத்தில் தமிழ் யாருக்குப் புரியும் என்ற தைரியம். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு எட்டு நாள், மாப்ளே."

"என்ன மச்சான் உளர்றீங்க?"

"போர்க்கப்பல்ல எந்தக் குண்டு எப்ப ஏறணும்னு அட்டவணை போடுறது நான்தானே? பர்மாக் கணக்குல புதன் காலை ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல ராகு நாள். ராகு நாள்ல எதையும் ஏத்தக் கூடாதுன்னு எங்க பெரிய சயா, அதான் பெரிய ஆபீசர், உத்தரவு."

"சரி."

"போன புதன் அட்டவணையில குண்டைக் காலையில போட்டேன். அதை வெடிக்க வைக்கிற ஃபியூஸை ரெண்டு மணிக்குப் போட்டேன். நம்ம ராகுகாலம் ஒன்றரைக்கே முடிஞ்சிடும்ல?"

"ஆமா."

"அவங்க ராகு ராத்திரி வரைக்குமாம்! ஃபியூஸ் லாரியைக் கேட்லயே திருப்பிட்டாங்க. வியாழன் விடியக்காலை நல்ல நேரம்னு கப்பல் வெறும் குண்டோட கிளம்பிடுச்சு."

"ஐயையோ! அப்புறம்?"

"சுட்டாங்க. எல்லாம் கல்லு மாதிரி விழுந்துச்சாம். சயா, நேரம் குறிச்சுக் குடுத்த ஜோசியரை மாத்திட்டாரு. என்னை யாரும் கேக்கல."

மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க விழுந்துச்சு மச்சான்?"

"கரையோரத்துல ஏதோ மீன்காரங்க ஊரு."

சிரிப்பு நின்றது. பஸ் மெல்ல நகர்ந்தது.

"மச்சான், அடுத்த புதனும் ரெண்டு மணிக்கே போட்டுடுங்க."