கரித்தாளில் ஒரு நாடி

நகரைச் சுற்றி இன்சீன் வழியாகப் போகும் வட்ட ரயிலில் எனக்கு எதிரே இரண்டு கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "செத்துப்போன என் சம்சாரத்தோட நாடி இன்னும் எங்க வீட்டுச் சுவத்துல ஓடிக்கிட்டிருக்கு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தேன்ல. வெள்ளக்காரன் காலத்து உருளை ஒண்ணு இருந்துச்சு. அதுல தாளைச் சுத்தி, விளக்குக் கரி பிடிக்க வச்சுத் திருப்புவோம். கைநாடி துடிக்கத் துடிக்க முள்ளு கோடு கீறும். மாணவங்களுக்குக் காட்ட ஒரு கை வேணும்னு நர்ஸ் ஒருத்தியக் கூப்பிட்டேன். அவதான்."

"கரி உதிர்ந்திடாதா?"

"வார்னிஷ்ல முக்கிக் காயவச்சு, சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிட்டேன். நடுவுல மட்டும் கோடு நெருக்க நெருக்கமா இருக்கும்."

"மதினிக்கு அப்ப காய்ச்சலா?"

"இல்ல. என்னையக் கட்டிக்கிறியான்னு அங்கதான் கேட்டேன்."