தார்ப்பாயைச் சுருட்டச் சொன்னவருக்கு

மரக்காணம் உப்பளக் கரையின் உடல்நலம் காத்த உத்தமரே! ஊசிக்குப் பயந்து ஓடியவரையும் உட்காரவைத்துப் பேசிய பொறுமையாளரே! இன்று பணிநிறைவு பெறும் சுகாதார ஆய்வாளர் ஹபீப் முஹம்மது அவர்களே! வணக்கம்.

கொரோனா என்ற சொல்லே புதிதாக இருந்த அந்த ஊரடங்குக் கோடையில் நம் சுகாதார நிலையத்தைக் குழப்பிய கேள்வி தங்களுக்கு நினைவிருக்கும். கடற்காற்று ஓயாத திறந்தவெளி உப்பளம். ஆளுக்கொரு பாத்தியில் எட்ட எட்ட நின்று உப்பு வாருகிறார்கள். வீடுகளோ பெருமுக்கல் பக்கம் வெவ்வேறு ஊர்களில். இருந்தும் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். எதில் வருகிறீர்கள் என்று கேட்டால், பிள்ளை பைக்கில் கொண்டுவந்து விடுகிறான் என்றே எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் உப்பு வாரும் பலகைகளின் பிடிகளையும் தண்ணீர்க் குடங்களையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தோம். நோய் நிற்கவில்லை. அங்கே வேலை செய்யும் கொளஞ்சியம்மாள், நிறைமாத மருமகளுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவேனோ என்று தங்களிடம் வந்து அழுதார்.

நாங்கள் ஆட்களைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தாங்களோ அவர்கள் வரும் வழியைச் சோதிக்கப் போனீர்கள். விடியும் வேளையில், தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய மினி லாரி ஒன்று உப்பளத்துக்குள் நுழைந்தது. தாங்கள் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டதும், பைக்கில் வந்த காற்றில் குளிர்ந்திருந்த தங்கள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து ஒன்றுமே தெரியவில்லை. கொளஞ்சியம்மாளின் குரல்தான் வந்தது.

"போலீசு பாத்தா திருப்பி அனுப்பிடுறாங்க சார். அதான் உப்பு மூட்டன்னு சொல்லி எங்கள மூடிக் கட்டிக்கினு வர்றாரு டிரைவரு."

"மூட்ட மூச்சு விடாதும்மா. நீங்க விடுறீங்க."

தாங்கள் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, இது உங்கள் எல்லாருடைய மூச்சின் ஈரம் என்றீர்கள். இருமலில் தெறிக்கும் பெரிய துளி சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பேச்சிலும் மூச்சிலும் வரும் நுண்துளி மிதக்கும். பாத்தியில் அதைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. தார்ப்பாய்க்குள் அதற்குப் போக வழியில்லை. ஒருவர் விட்டதை அடுத்தவர் இழுக்கிறார். பாத்தியில் பிடிக்காத நோய் பயணத்தில் பிடித்தது இப்படித்தான்.

படுத்தவர் அனைவரும் எழுந்து வந்தார்கள். கொளஞ்சியம்மாளுக்குப் பேத்தி பிறந்தாள். அவள் இதோ முன்வரிசையில், தங்களுக்குப் போர்த்தவேண்டிய சால்வையைத் தான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கோடையை நினைத்து நாங்கள் இன்று நிம்மதியாகச் சிரிக்கிறோம் என்றால், அது தங்களால். நோயின்றி, கவலையின்றி, சுற்றமும் நட்பும் சூழத் தாங்கள் நீடு வாழ்க!

இம்மடல் சுவரில் மாட்டப்படும். படிப்பவருக்குப் பயன்படட்டும் என்று, உப்பள உரிமையாளர் ஆதிமூலத்திடமும் சோதனைச் சாவடியிலும் தாங்கள் பேசி முடித்ததை இங்கேயே எழுதிவைக்கிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு முறையான அனுமதி வாங்கிவிட வேண்டும். ஆட்களைப் பிரித்து இரண்டு நடையாக ஏற்ற வேண்டும். தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி, வண்டியைத் திறந்தே ஓட்ட வேண்டும்.

தங்கள் அன்பில் நனைந்த,
ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள்