என் முகத்தைப் பார்க்காமல் சொல்

அக்கா: மறுபடியும் என் மூஞ்சியைப் பாத்துட்டுதான் பதில் சொல்ற.

தம்பி: நீதான கேள்வி கேக்குற... வேற யாரைப் பாக்குறதாம்?

அக்கா: நாளைக்குக் கேக்கப்போறது ஜட்ஜம்மா. நான் ஓரமா உக்காந்திருப்பேன். கேட்டதும் உன் கண்ணு எங்க போகுதுன்னுதான் முதல்ல பாப்பாங்கன்னு வக்கீல் சொன்னாருல்ல?

தம்பி: ஜட்ஜம்மா உன்னை மாதிரி கையில கரண்டியோடவா வருவாங்க?

அக்கா: வாயைக் குறை. சரி... உங்க வயசு?

தம்பி: முப்பத்திரெண்டு.

அக்கா: மேஜர்தான. அப்புறம் எதுக்கு உங்களுக்கு கார்டியன்?

தம்பி: மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தேன். இவன் போடுற கையெழுத்து செல்லாது, இவனுக்காக அக்கா போடட்டும்னு கோர்ட்டுல...

அக்கா: உன் நல்லதுக்குத்தான அப்படி...

தம்பி: ஜட்ஜம்மா இப்படிக் குறுக்க வரமாட்டாங்க.

அக்கா: ...சரி. இப்ப அதை ஏன் மாத்தணும்?

தம்பி: படத்துக்கு ஃபிரேம் போடுற கடை வைக்க இடம் பாத்தேன். எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசியில இடத்துக்காரர், "நீ போட்டா அக்ரிமென்ட் செல்லாதுப்பா, அக்காவைக் கூட்டிட்டு வா"ன்னாரு. மிட்டாய் கேட்டு வந்த பையன்கிட்ட சொல்ற மாதிரி.

அக்கா: கடை ஓடலைன்னா?

தம்பி: மூடிடுவேன்.

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: எத்தனை பேரு கடையைத் திறந்து மூடுறாங்க... அவங்களுக்கெல்லாம் கார்டியனா போடுறாங்க? என்ன செய்றோம்னு புரிஞ்சு செஞ்சா போதும். தப்பாப் போனா, அது என் தப்பு.

அக்கா: ம்... இது நல்லாருக்கு. இப்படியே சொல்லு. பாரு, திரும்ப என்னைப் பாக்குற.

தம்பி: நீ தலையாட்டுற. அதான் பாக்குறேன்.

அக்கா: நான் எங்க ஆட்டுனேன்?

தம்பி: இப்பக்கூட ஆட்டுற. இரு, நாற்காலியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறேன். நீ அடுப்பைப் பாத்து நில்லு... ம், இப்பக் கேளு.

அக்கா: உங்களுக்கு முழுசா குணமாயிடுச்சுன்னு டாக்டர் எப்ப சொன்னாரு? போன மாசம்தான... ஐயோ, நானே சொல்லிட்டேன். நீ சொல்லு.

தம்பி: போன மாசம் நான்தான் உன்கிட்ட சொன்னேன். அவரு சொன்னது போன வருஷம். என் மாத்திரை, என் பேங்க்கு, என் கையெழுத்துன்னே உனக்குக் காலம் போயிடுச்சு. திடீர்னு எல்லாத்தையும் உன் கையிலேருந்து பிடுங்குற மாதிரி இருந்துச்சு... அதான் மறைச்சேன். அக்கா? திட்டணும்னா திட்டு. சும்மா நிக்காத.

அக்கா: அன்னைக்கு நீ வீடு வந்து சேர்றதுக்குள்ள டாக்டர் எனக்கு ஃபோன் பண்ணிட்டாருடா. நீ வந்து சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன்... நீ சொல்லல. சொல்லாததே எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.