தூக்கிப் பார்க்காத சிலிண்டர்

— இந்தத் தீயணைக்கிற சிலிண்டரை ஒரு தடவை தூக்கித்தான் பாரேன், யாவ். கை தேஞ்சா போயிடும்?

— ரெண்டு கையிலயும் மண்ணெண்ணெய், பீ-சூ. விமானத்துல ட்யூப் இன்னும் மாட்டி முடியல. நீ புடிச்சுட்டு நில்லு, போதும்.

— எனக்கென்னவோ லேசா இருக்கிற மாதிரி தோணுது.

— அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். பின்னு இருக்குல்ல? பின்னு மேல சீல் கட்டு இருக்குல்ல? அப்புறமென்ன?

— கட்டு பழைய கட்டு இல்லையே. நீ கிளினிக்ல பசங்க பல்லுக்குப் போடுற கம்பி மாதிரில்ல இருக்கு.

— பிளாஸ்டிக் கட்டு கார்ல அடிபட்டு அறுந்து போச்சு. கையில கெடச்சதை வெச்சுக் கட்டினேன்.

— பவுடர் சிலிண்டருக்காவது பச்சை, சிவப்புன்னு முள்ளு காட்டும். இந்த கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டருக்கு அதுவும் கிடையாது. காலியா இருந்தாலும் வெளியில தெரியாது, எடை போட்டாத்தான் தெரியும்னு கிளப்புல எல்லாருக்கும் பாடம் எடுத்தது நீதானே?

— எடுத்தேன். இப்ப அதுக்கா நேரம்? லியாவ் அண்ணன் வர்றாரு பாரு.

— டாக்டரே, இன்னும் என்ன நோண்டிக்கிட்டிருக்கீங்க? காத்தாடி வெச்ச விமானமெல்லாம் பறந்து எறங்கியாச்சு. அடுத்து உங்க ஜெட்டுதான். குவோ அம்மா டீயும் குடிச்சு முடிச்சாச்சு, பொறுமையும் போயிக்கிட்டிருக்கு. வெளங்குச்சா?

— பாக்கைத் துப்பிட்டுப் பேசுங்கண்ணே. ஒரு நாள் அந்தப் பல்லெல்லாம் எங்கிட்ட வந்துதான் நிக்கும்.

— நிக்கும்போது நிக்கட்டும். இப்ப காத்து திரும்புது, நேரா அந்தம்மா கரும்பு மேலதான் அடிக்கும். போன வருஷம் நம்ம ஆ-ஹுய்யோட விமானம் எரிஞ்சுக்கிட்டே உருண்டு போய்க் கரும்புல விழுந்ததை அது இன்னும் மறக்கல. பொம்மை விமானத்துக்கு எதுக்குடா நிஜ ஜெட் இன்ஜின், எதுக்கு நிஜ நெருப்புன்னு வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கு. இன்னைக்குப் பாத்துட்டுத்தான் இந்தத் திடலை நமக்குத் திரும்பக் குத்தகைக்கு விடுறதா, இல்ல இதுலயும் கரும்பு நடுறதான்னு சொல்லும்.

— தெரியும்ணே.

— தெரிஞ்சா சரி. பிங்துங் மாவட்டம் பூரா தேடினாலும் இந்த மாதிரி இன்னொரு எடம் நமக்குக் கெடைக்காது. அதான் இன்னைக்கு ஜெட் பறக்கவிட உங்களை விடுறோம். கிளப்போட தீ பாதுகாப்புப் பொறுப்பாளரு, இவரு கையில ஒரு பொறி பறக்காதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பீ-சூ, நீதானே சிலிண்டரோட நிக்கிறே? போன வருஷம் கரும்புல பரவறதுக்குள்ள அணைச்சதும் நீதானே?

— நான்தாண்ணே. அவசரத்துல கேஸ் பீச்சுற கொம்பை வெறுங்கையால புடிச்சு, அந்த ஐஸ் குளிர்ல உள்ளங்கை உறைஞ்சு தோலே வந்துருச்சு. தழும்பு இன்னும் போகல, பாருங்க.

— அந்தக் கை இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலை இல்ல. சீக்கிரம் டாக்டரே. நான் போய் அந்தம்மாவுக்கு இன்னொரு டீ ஊத்துறேன்.

— அவரு போயிட்டாரு, யாவ். எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?

— என்ன சொல்லணும்?

— தெரியல. நிலாப் பண்டிகைக்கு எல்லாரும் இங்க வந்து கறி சுட்டுத் தின்னோமே, அன்னையிலேர்ந்து நீ ஒரு மாதிரியாவே இருக்கே.

— அன்னைக்கு நல்லாத்தானே இருந்தோம்.

— நல்லாத்தான் இருந்தோம். பீர் மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் ஜில்லுனு ஆச்சுன்னு எனக்கு இன்னும் புரியல. ஐஸ் கொண்டு வர மறந்துட்டேன்னு ஆ-ஹுய் தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் ஒரு பம்பளிமாஸ் உரிச்சு முடிக்கிறதுக்குள்ள டப்பா மேலெல்லாம் வெள்ளையாப் பனி பூத்திருந்துச்சு.

— எங்கேயாச்சும் போய் வாங்கிட்டு வந்திருப்பான்.

— சரி, விடு.

— இப்படி விமானத்தோட மூக்குப் பக்கம் வந்து நில்லு. உள்ள மண்ணெண்ணெய் தேங்கி, வால் வழியா நெருப்பு நீட்டுச்சுன்னா வால்ல அடிக்காத. முன்னாடி காத்து உள்ள போற வாயில கொம்பை வெச்சு அடி.

— அது எனக்குத் தெரியாதா? அடிச்சா எதாச்சும் வருமாங்கறதுதான் கேள்வி.

— வரும்.

— வரலைன்னா?

— ஊசியைப் பாத்ததுமே அழற பசங்க மாதிரி பண்ணாத. ஒரு நிமிஷம், வலிக்காது. நெருப்பெல்லாம் நூத்துல ஒரு தடவைதான் வரும்.

— ஆ-ஹுய்யும் அப்படித்தான் சொன்னாரு. அவருக்குப் புருவம் இன்னும் பாதிதான் மொளைச்சிருக்கு. கொட்டகையிலேர்ந்து பவுடர் சிலிண்டரை எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சுக்கட்டுமா?

— வேணாம்.

— சும்மா இருக்கட்டுமே.

— பதட்டத்துல அதை எடுத்து அடிச்சுத் தொலைச்சேன்னா உள்ள பூரா மாவா அப்பிக்கும். அப்புறம் இன்ஜின் குப்பைக்குத்தான். புது இன்ஜின், பீ-சூ.

— ஆமா. இன்ஜின் புதுசு, பொண்டாட்டி பழசு.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— சரி, விடு. விமானத்தை எடை போடுற தராசு கொட்டகையிலதான் கெடக்கு. அதுல இதை ஒரு தடவை வெச்சுப் பாத்துடுவோமே.

— எல்லாரும் பாக்கிறாங்க. குவோ அம்மா பாக்குது. பொறுப்பாளரே தன் சிலிண்டரை நம்பாம எடை போடுறான்னா என்ன நெனைப்பாங்க?

— எடை போடுறவனைத்தான் நம்புவாங்க.

— கொஞ்சம் பேசாமத்தான் நில்லேன்.

— யாரு சிலிண்டரைத் திறந்தாலும் அன்னைக்கே கிளப்புல சொல்லணும், சொல்லாதவன் அந்த வருஷம் பூரா பறக்கவிடக் கூடாதுன்னு விதி போட்டது யாரு?

— நான்தான். அதுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்ல. ஊர்ல எல்லாரையும் வாயைத் திற, நல்லாத் திறன்னு சொல்ற ஆளு. உன் வாய் மட்டும் திறக்கவே மாட்டேங்குதேன்னு பாத்தேன்.

— டாக்டரே, ஓடுபாதை காலி. போடுங்க.

— இந்தா போடுறேண்ணே. பீ-சூ, பின்னை உருவு.

— யாவ், ஒண்ணு பண்ணுவோம். ரிமோட்டை எங்கிட்ட கொடு. ஸ்டார்ட் பண்றது ஒரு சுவிட்சுதானே, எனக்குத் தெரியும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் நீ வாங்கிக்க. அதுவரைக்கும் நீ வந்து இங்க நில்லு, சிலிண்டரோட.

— எதுக்கு?

— தழும்பு குத்துது. கை வரமாட்டேங்குது.

— ஓட்டுறவன் சிலிண்டரைப் புடிக்கக் கூடாது. அது விதி.

— இப்ப ஓட்டுறது நான். கொடு. ஏன் ரிமோட்டைப் போய் நெஞ்சோட அணைச்சுக்கிட்டே? நூத்துல ஒரு தடவைதானே?

— டாக்டரே, வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. காத்து ஏறுது, வெளங்குச்சா?

— இதோ ஆச்சுண்ணே, ரிமோட் எங்கிட்ட வந்தாச்சு. வந்து நில்லு, யாவ். இந்தா, கொம்பு உன் பக்கம் இருக்கு. நான் சுவிட்சைப் போடப் போறேன்.

— போடாத.

— ஏன்?

— போடாதன்னா போடாத. அது காலி.

— எது?

— சிலிண்டர். அன்னைக்கு பீரை நான்தான் காருக்குப் பின்னாடி எடுத்துட்டுப் போய் அதை அடிச்சு ஜில்லுனு ஆக்கினேன். கொஞ்சமா அடிச்சு நிறுத்திடலாம்னு பாத்தேன், போய்க்கிட்டே இருந்துச்சு. நிரப்பக் கொண்டு போனா கடைக்காரன் லியாவ் அண்ணன்கிட்ட சொல்லிடுவான். விதி போட்டவனே இப்படின்னு சிரிப்பாங்க.

— மெதுவாப் பேசு, குவோ அம்மா இங்கதான் பாக்குது. அப்ப தெரிஞ்சேதான் என்னை நிக்க வெச்சே?

— நெருப்பு வராதுன்னு நெனைச்சேன், பீ-சூ. சத்தியமா. சொல்ல வெக்கமா இருந்துச்சு.

— தூக்கிப் பாரு.

— இப்ப எதுக்கு? அதான் சொல்லிட்டேனே.

— தூக்கிப் பாரு, யாவ்.

— என்ன இது... கனமா இருக்கே.

— செவ்வாக்கிழமை காரைத் துடைக்கிறப்ப நகத்தி வெக்கத் தூக்கினேன். காத்து மாதிரி வந்துச்சு. லியாவ் அண்ணனைத் தெரியாத கடையாப் பாத்துப் பக்கத்து ஊருக்குப் போய் நிரப்பிட்டு வந்தேன். கடைக்காரன் போட்ட சீல் கட்டை அறுத்துட்டு உன் பல்லுக் கம்பியையே திரும்பக் கட்டினேன்.

— அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு இந்தக் கூத்து?

— நீ சொல்றியான்னு பாத்தேன்.

— சொல்லிட்டேன்ல?

— சொன்னே. நான் நிக்கிறவரைக்கும் அது முழுசா இருந்துச்சு, யாவ். நீ நிக்கணும்னதும்தான் காலியாச்சு.