தூக்காத கை

அறிவுமதி: போடா. மீட்டிங்ல நீயுந்தான சிரிச்ச?

ராஜ்கமல்: நானா? இருமுனேன் மதி...

அறிவுமதி: பல்லு அத்தனையும் தெரிய ஒரு இருமலு! ஒரே ஆபீஸ்ல குப்ப கொட்டுறோம், உன் இருமல் எனக்குத் தெரியாதா?

ராஜ்கமல்: டீ ஆறுது. உன் சிதம்பரம் பஸ்ஸு கெளம்பப் போவுது பாரு.

அறிவுமதி: போவட்டும். புது புரோகிராம் லாங்குவேஜு, பேரு ஜிக்குன்னு சொன்னா, மேனேஜர் பொன்னுரங்கம் சாரு பாத்திரம் தேய்க்கிற பவுடரான்னு கேக்குறாரு...

ராஜ்கமல்: அது கொஞ்சம் நல்லாத்தான்...

அறிவுமதி: ராஜ்!

ராஜ்கமல்: சரி, சரி. ஆனா ஜிக்கோட மொத வெர்ஷனே இன்னும் முழுசா வரலன்னாரே, அது நியாயந்தான? நாளைக்கு நீ இல்லன்னா அந்தப் புரோகிராம யாரு பாப்பா?

அறிவுமதி: இப்ப மட்டும் யாரு பாக்குறா? மீன்புடி போட்டுக்கு நாம குடுத்த ஜிபிஎஸ் பொட்டி நடுக்கடல்ல நின்னு போவுது. அவுங்க தட்டித் தட்டி எழுப்புறாங்க. சி லாங்குவேஜ்ல எழுதுனது, மெமரி எங்க ஒழுவுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஜிக்கு டெஸ்ட்லயே காட்டிக் குடுத்துரும். பழைய புரோகிராமத் தூக்கிப் போடக்கூட வேணாம்.

ராஜ்கமல்: தெரியும்.

அறிவுமதி: என்ன தெரியும்?

ராஜ்கமல்: இல்ல... நீதான் மீட்டிங்ல சொன்னியே.

அறிவுமதி: எங்க வூட்ல மொத டிகிரி நான். இங்கிலீஷு தடுக்கும், வேல தடுக்காது. ஒரே ஒரு பொட்டியில போட்டுப் பாக்க யாரு ரெடி, கையத் தூக்குங்கன்னேன். ஒரு கைகூட எழும்பல.

ராஜ்கமல்: அடுத்த மாசம் திரும்பக் கேளு. சென்னைக் கம்பெனிக்காரன் வேலைக்குக் கூப்ட்டானே, வேணாம்னுட்டல்ல?

அறிவுமதி: அத வுடு. உனக்கென்ன திடீர்னு அக்கற?

ராஜ்கமல்: திட்டக் கூடாது... எங்க மாமா போட்டுல ஓடுறது உன் ஜிக்குதான்.

அறிவுமதி: என்னது?

ராஜ்கமல்: நீ எனக்கு அனுப்புன புரோகிராம நானே அதுல ஏத்திட்டேன், பொங்கலுக்கு முன்னாடி. ஒரு தடவகூட நிக்கல. மாமா பொட்டியத் தட்டுறதையே மறந்துட்டாரு.

அறிவுமதி: அட பாவி... இத அங்க சொல்லியிருக்கலாம்ல?

ராஜ்கமல்: எல்லாரும் சிரிச்சாங்க மதி. கை... மேசைக்குக் கீழயே நின்னுடுச்சு. நாளைக்குக் காலைல சாருகிட்ட நானே சொல்றேன். ரெண்டு பேருமா சேந்து... ஏய், ஏன் அழுவுற?

அறிவுமதி: ஒரு கைக்குத்தான்டா காத்துக்கிட்டிருந்தேன். மீட்டிங் முடிஞ்சதும் சென்னைக்கு வரேன்னு அனுப்பிட்டேன். இங்க ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். சாரு சிரிச்சுக்கிட்டே கையெழுத்தும் போட்டுட்டாரு.

ராஜ்கமல்: அங்கயாவது... ஜிக்கா?

அறிவுமதி: பழைய ஜாவாதான். புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற வேல... அங்க யாரும் எனக்காகக் கையத் தூக்க வேணாம்.